மூலையில் விட்ட துளை

அக்டோபர் 9, காலை பதினொரு மணி. காணாமற்போன படைவீரர்கள் பதிவு அலுவலகம், இரண்டாம் மாடி, ஆறாம் அறை. காணாமற்போனோர் பட்டியலில் இருந்த 1,164 பெயர்களில் முப்பத்தொன்றை இறந்தோர் பட்டியலுக்கு மாற்றப்போவதாக அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வரிசையில் பதினேழாவது பெயர், படையில் சேருமுன் பேருந்துப் பணிமனையில் இருக்கை தைத்துக்கொண்டிருந்த ஒருவனுடையது.

அவன் மனைவி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு நேரே பதிவு அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

“பட்டியல் மாறினா என்ன ஆகும் சார்?”

“சான்றிதழ் குடுப்போம்மா. அத வெச்சு மத்த வேலையெல்லாம்…”

“சான்றிதழ் கேக்கல. கைதிகளப் பரிமாறிக்கிறப்ப அந்தப் பக்கத்துக்குப் பேர் எழுதி அனுப்புறீங்களே, அதுல இவரு பேரு இருக்குமா?”

அதிகாரி பேனாவை மூடினார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். “காணாமப் போனவங்களத்தாம்மா கேக்க முடியும். செத்தவங்கள எப்படிக் கேக்கறது?”

போன வருடம் பிப்ரவரியில் ஓர் ஆற்றுப் பாலத்தில் லாரி ஒன்று எரிந்தது. சாம்பலில் அவன் எண் பொறித்த உலோக வில்லை கிடைத்தது. உடல் என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. சண்டை நின்று, கைதிகள் பட்டியல் மூன்று வந்துவிட்டது. மூன்றிலும் அவன் பெயர் இல்லை. அலுவலகத்தின் கணக்கு அதோடு முடிந்தது. அவளுடைய கணக்கு முடியவில்லை. ஆனால் சபையில் எடுத்து வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

அவள் வேலை பார்த்தது நிவாரணக் குழுவின் சாக்குக் கொட்டகையில். எல்லைக்கு அப்பால் இருக்கும் கைதிகளுக்கு மாதாமாதம் உணவும் சோப்பும் கித்தான் சாக்குகளில் போகும். கித்தானுக்குத் தட்டுப்பாடு என்பதால் காலிச் சாக்குகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். கிழிந்து, கரி படிந்து, கட்டுக் கட்டாகத் திரும்பி வரும். நாற்பது பெண்கள் உட்கார்ந்து ஒட்டுப்போட்டு மறுபடி அனுப்புவார்கள். அவளுக்கு அங்கே ஊசியக்கா என்று பெயர். கையில் இருக்கும் கோணூசியைவிட நாக்கில் இருப்பது கூர்மை என்பது பொதுவான அபிப்பிராயம்.

அறிவிப்பு வந்த ஆறாம் நாள், பக்கத்து இருக்கைக்காரி ரேடியோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தாள். இந்தப் பெயரும் கொட்டகை வைத்ததுதான். காலையில் போட்டால் சாயங்காலம்தான் நிற்பாள்.

“அவரு குறட்டைய நான் பொறுத்துக்கிட்டேன்க்கா. மாடி வீட்டுக்காரரு எறங்கி வந்து, ‘ஏங்க, ராத்திரில எதுவும் மர வேலை நடக்குதா’ன்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்ல? ஆமாங்க, அலமாரி செய்யறாருன்னு சொல்லிட்டேன். இப்ப அலமாரிய எப்பக் காட்டுவீங்கன்னு… அக்கா? என்ன, கையக் குத்திக்கிட்டியா?”

ஊசியக்கா அசையவில்லை. மடியில் ஒரு சாக்கு. அதன் வயிற்றில் கைக்குட்டை அளவு ஒட்டு. அதன் ஒரு மூலையில் அவள் கட்டைவிரல் நின்றிருந்தது.

“இத யாரு தெச்சது?”

ரேடியோ எட்டிப் பார்த்தாள். “நம்மாளு இல்ல. நம்ம நூலே இல்லையே, கயித்தப் பிரிச்சுத் தெச்சிருக்கான். அங்கேயே ஒட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க போல. நல்லதாப் போச்சு, ஒரு சாக்கு மிச்சம். ஆனா மூலையப் பாரு, கண்றாவி.”

“கண்றாவிதான்” என்றாள் ஊசியக்கா. “இந்தக் கண்றாவிக்காக எட்டு வருஷம் சண்ட போட்டிருக்கேன்.”

கித்தானில் ஒட்டுப்போடுவதற்கு முறை உண்டு. முதலில் குத்தூசியால் ஓரமெல்லாம் சம தூரத்தில் துளை. பிறகு துளை தவறாமல் நூல். மூலையில் துணி நான்கு மடிப்பாக இருக்கும். அங்கே கட்டைவிரலால் நன்றாக அமுக்கி ஊசியைத் தள்ள வேண்டும். சரியாகத் தைத்தால் மூலையில் நூல் ‘ட’ போல மடங்கி நிற்கும். பத்து வருடத்துக்கு முன்பு பணிமனையில் அவள்தான் அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தாள். அன்றைக்கு அவள் கட்டைவிரலில் வெட்டுக்காயம், பெரிய கட்டு. அமுக்க முடியாததால் மூலைத் துளையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய், பின்பக்கமாகத் திரும்பி வந்து மூலையை அடைத்தாள். எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்த அவன் அதையும் முறை என்று எடுத்துக்கொண்டான். அவன் இடதுகைக்காரன் வேறு. அதனால் அவன் தைக்கும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு பெருக்கல் குறி விழும். அதில் மேலே கிடக்கும் நூல் இடப்பக்கம் சாயும்.

“அது தப்புய்யா, அன்னிக்கி எனக்கு வெரல்ல கட்டு” என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். “கத்துக்குடுத்தவ நீ. இப்ப மாத்திப் பேசாத” என்பான். கல்யாணம் ஆன பிறகு அது வீட்டு வழக்காக ஆகிவிட்டது. பெருக்கல் குறியோடு தலையணை உறை, பெருக்கல் குறியோடு குடை உறை.

இப்போது பெருக்கல் குறியோடு ஒரு சாக்கு. நான்கு மூலையிலும். இடப்பக்கச் சாய்வு.

கொட்டகைக் கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேரேட்டில் எழுதினார்: “சாக்கு ஒன்று, கட்டுச் சீட்டுடன். வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி.” காரணம் கேட்கவில்லை. அவளை அழும் முகத்தோடு அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் இருந்தது மாமனார் மட்டும். ரயில் பார்சல் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் மூட்டை பார்த்தவர். மருமகள் சாக்கை மேசைமேல் விரித்ததும், முதலில் அதைக் கையால் தள்ளினார்.

“வேணாம்மா. ஆட்சேபமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்குப் புள்ளைய ஒரு தடவ பறிகொடுக்கத்தான் தெம்பு இருக்கு. மாசா மாசம் பறிகொடுக்க முடியாது.”

“மூலையப் பாருங்க மாமா.”

“மூல கீலயெல்லாம் எனக்குத் தெரியாது. உனக்குப் பாக்கற எடமெல்லாம் அவன் தெரியறான்.”

“சரி, மூல வேணாம். உங்களுக்குத் தெரிஞ்சதப் பாருங்க. இது எங்கேர்ந்து வந்துச்சு? எப்ப வந்துச்சு?”

அது வேறு கேள்வி. மூட்டையைக் காட்டி எங்கிருந்து என்று கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. பூதக்கண்ணாடியை எடுத்தார். கட்டுச் சீட்டில் ஈய முத்திரை: ஒன்பதாம் கிடங்கு. சாக்கைத் திருப்பினார். அடி மடிப்பில் ஆலை முத்திரை மங்கியிருந்தது. ஈரத் துணியால் ஒற்றி, விளக்குக்குக் கீழே இழுத்து, சத்தமாகப் படித்தார். தொகுதி எண். தறி எண். பிறகு நெய்த மாதம்.

அங்கே குரல் நின்றது.

“என்ன மாமா?”

“இந்த வருஷம் ஜனவரி.”

லாரி எரிந்தது போன வருடம் பிப்ரவரி. எரிந்துபோனவன் பதினோரு மாதம் கழித்து நெய்த துணியில் ஒட்டுப் போட்டிருக்கிறான்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி படித்தார். கடைசியில் கேட்டார்: “அது என்னமோ மூலைன்னியே. அதச் சொல்லு.”

ஆட்சேபத்தின் மீதான விசாரணை அக்டோபர் 28. அதற்கு முதல் நாள் மாமனாரும் மருமகளும் பணிமனைக்குப் போனார்கள். ஃபோர்மேன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாற்பதாம் எண் பேருந்தின் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனார். அந்த இருக்கை உறை அவன் கையால் தைத்தது. ஃபோர்மேன் தானே நான்கு திருகாணியையும் கழற்றினார்.

“தூக்கிட்டுப் போங்க. ஒரு நாள் அந்த எடத்துல சீட்டு இல்லன்னா பஸ்ஸு படுத்துக்காது. ஆனா அவன் திரும்பி வந்ததும் இந்த ஓரத்துல இருக்கற கிழிசலத் தெச்சுத் தந்துடணும். சொல்லிட்டேன்.”

மறுநாள் இருவரும் இருக்கையோடு பேருந்தில் ஏறினார்கள். நடத்துநர் மேலும் கீழும் பார்த்தார். “நின்னுக்கிட்டே வர்றவங்கள தெனம் பாக்கறேன். எடம் கெடைக்காதுன்னு வீட்லேர்ந்தே கொண்டு வந்தவங்கள இப்பத்தான் பாக்கறேன்” என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது. மாமனாரும் சிரித்தார், இருபது மாதத்துக்குப் பிறகு.

ஆறாம் அறையில் இருக்கையை மேசைக்கு முன்னால் வைத்தார்கள். அதன்மேல் சாக்கு. அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஆலை முத்திரையைத் தானே படித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

“தேதி சரி. இத யாரோ ஜனவரிக்குப் பொறவு தெச்சிருக்காங்க. அந்த யாரோ இவருதான்னு எப்படிம்மா எழுதுவேன்? நீங்க அவரத் தேடறீங்க. தேடறவங்க கண்ணுக்குத் தேடறது தெரியும். நான் தப்புச் சொல்லல.”

“என் கண்ணு வேணாம் சார். தேடாத கண்ணு ஒண்ணக் கூப்பிடுங்க.”

அதிகாரி மேசைமணியை அடித்தார். அன்றே கொட்டகைக்கு ஆள் அனுப்பி, பதினோரு பேர் ஒட்டுப்போட்ட பதினோரு சாக்கு வரவழைத்தார். பன்னிரண்டாவதாக இதையும் சேர்த்துத் தானே கலைத்து வரிசையாகப் போட்டார். ஊசியக்காவை வெளியே நிற்கச் சொன்னார். அலுவலகப் பியூனைக் கூப்பிட்டு, இருக்கையின் மூலையைக் காட்டினார்.

“இதே மாதிரி அங்க ஏதாவது இருக்கா பாரு.”

பியூனுக்கு எதுவும் தெரியாது. தேநீர் வாங்கப் போகும் வழியில் பிடித்து நிறுத்தப்பட்டவர். குனிந்து, ஒவ்வொரு சாக்காகப் புரட்டினார். ஐந்தாவதில் நின்றார். மீதி ஏழையும் பார்த்துவிட்டு ஐந்தாவதற்கே திரும்பினார்.

“இதுதான் சார். மத்தவங்க ஒழுங்கா தெச்சிருக்காங்க. இவன் ஒருத்தன்தான் ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி சொதப்பியிருக்கான்.”

கதவுக்கு வெளியே நின்றவளுக்கு அது கேட்டது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, சத்தம் வராமல், வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அதிகாரி பதினேழாம் எண்ணுக்கு நேரே எழுதினார்: “மாற்றம் நிறுத்திவைக்கப்படுகிறது. எதிர்த்தரப்பிடம் கேள்வி அனுப்புக.”

பதில் ஐந்து வாரத்தில் வந்தது. ஒன்பதாம் கிடங்கில் கைதிகள் எவரும் இல்லை. அது நிலக்கரிக் கிடங்கு. அதிகாரி கடிதத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தார். அவருக்கே முகம் வாடியிருந்தது.

“அப்ப நிலக்கரிதான் உக்காந்து சாக்குத் தெச்சுதா சார்?”

“எனக்கும் தெரியுதும்மா. ஆனா இல்லைன்னு எழுத்துல குடுத்துட்டாங்க. ஒரே ஒரு சாக்க வெச்சுக்கிட்டு நான் இன்னொரு தடவ கேட்டா, பழைய சாக்கு, எங்கயோ கலந்துருச்சுன்னு சொல்லிடுவாங்க. புதுசா ஏதாவது வேணும்.”

புதிதாக ஏதாவது வேண்டும். கொட்டகைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதுவே ஓடியது. அவனிடமிருந்து ஒன்று வர வேண்டுமென்றால், இங்கிருந்து ஒன்று போக வேண்டும். கடிதம் போகாது. ஆளே இல்லாத இடத்துக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்? ஆனால் சாக்கு போகும். எந்தச் சாக்கு ஒன்பதாம் கிடங்குக்குப் போகும் என்பதுதான் தெரியாது.

ரேடியோவிடம் சொன்னாள். அதற்கு மேல் யாரிடமும் சொல்லத் தேவை இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. “எந்தச் சாக்குன்னு தெரியாட்டி என்னக்கா? எல்லாத்துலயும் சொதப்பிடுவோம்” என்றாள் ரேடியோ.

ஊசியக்கா அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். மூலைத் துளையை விடு, அடுத்ததற்குப் போ, பின்னால் திரும்பி வந்து அடை. பலம் குறையாது, பார்க்கத்தான் அவலட்சணம். நன்றாகத் தைக்கத் தெரிந்த நாற்பது கைகள் தப்பாகத் தைக்கப் படாத பாடு பட்டன. “என் மாமியா பாத்தா தற்கொலை பண்ணிக்கும்” என்றாள் ஒருத்தி. “அப்ப ஒரு சாக்க வீட்டுக்குக் கொண்டு போயேன்” என்றாள் ரேடியோ.

சாயங்காலம் கண்காணிப்பாளர் தணிக்கைக்கு வந்தார். முதல் சாக்கை எடுத்தார், மூலையைத் தடவினார். இரண்டாவதை எடுத்தார். பத்து வரை பார்த்தார். நாற்பது ஊசியும் பாதித் தையலில் நின்றன.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பவர் ஏறிடுச்சு போல. கிட்டத்துல இருக்கறது சரியா தெரியல. டாக்டர்கிட்ட காட்ட ஒரு மாசம் ஆகும்” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றிலும் முத்திரை குத்தினார்.

நான்கு வாரத்தில் எண்ணூற்றுப் பத்துச் சாக்கு எல்லையைத் தாண்டியது. ஒவ்வொரு மூலையிலும் பெருக்கல் குறி. இடதுகைக்காரர் ஒருவரும் இல்லாததால் எல்லாம் வலப்பக்கச் சாய்வு. அவன் கண்ணில் ஒன்று பட்டாலும் போதும். வலக்கையால் அப்படித் தைத்த ஒரே ஆளை அவனுக்குத் தெரியும். அவள் அப்படிச் சாகும்வரை தைக்கமாட்டாள் என்பதும் தெரியும்.

பிப்ரவரி 3. திரும்பி வந்த கட்டுகளில் ஒன்றில் ஒன்பதாம் கிடங்கின் ஈய முத்திரை. நாற்பது பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஊசியக்கா கட்டை அறுத்து ஒவ்வொன்றாக விரித்தாள். ஆறாவது சாக்கில் அவர்கள் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், கிழிசலே இல்லாத இடத்தில், புதிதாக இன்னொரு சிறிய ஒட்டு. நான்கு மூலையிலும் பெருக்கல் குறி. இடப்பக்கச் சாய்வு.

“பதில் போட்டுட்டான்” என்றாள் ரேடியோ. அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கொட்டகை வரலாற்றில் அது ஒரு பதிவு.

ஊசியக்கா ஒட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். உள்ளே ஏதோ நெருடியது. மூன்று பக்கத் தையலைப் பிரித்தாள். ஒட்டின் உட்பக்கத்தில் ஒரே வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். எண்ணினாள். ரேடியோ எண்ணினாள். கண்காணிப்பாளர் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எண்ணினார்.

நாற்பத்து மூன்று.

“ஒருத்தன் தெச்சா ஒரு முடிச்சுப் போதும்” என்றாள் ஊசியக்கா மெதுவாக. “அங்க மொத்தம் நாப்பத்து மூணு பேர் இருக்காங்க.”

சாக்கு அன்று மதியமே ஆறாம் அறைக்குப் போனது. அதிகாரி தானும் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தட்டச்சுக்காரரை அழைத்தார். இந்தத் தடவை கேள்வியாக அனுப்பவில்லை. ஒரே வரி: “ஒன்பதாம் கிடங்கில் சாக்குத் தைக்கும் நாற்பத்து மூன்று பேரின் பெயர்களை அனுப்புக.” நகல் ஒன்று, கைதி முகாம்களைப் பார்வையிடும் நடுநிலை ஆய்வாளர்களுக்கு.

எண்ணிக்கை வரைக்கும் தெரிந்திருக்கிறது என்றதும் எதிர்த்தரப்பில் கலக்கம். தங்களுக்குள் யார் சொன்னது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் நாள் ஆய்வாளர்கள் கிடங்கு வாசலில் போய் நின்றார்கள். பட்டியல் வந்தது. நாற்பத்திரண்டு பெயர். ஒருவர் ஜனவரி கடைசியில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். அந்த நாற்பத்து மூவரில் பதினெட்டுப் பேரை இந்தப் பக்கம் ஏற்கெனவே இறந்தோர் பட்டியலில் ஏற்றியிருந்தது.

மார்ச் 22 காலை, எல்லை ரயில் நிலையத்தின் இரண்டாம் நடைமேடை. கொட்டகைக்கு அன்று விடுமுறை; கண்காணிப்பாளருக்குக் கண் டாக்டரிடம் வேலை என்று பலகையில் எழுதியிருந்தது. அவரும் நடைமேடையில்தான் நின்றார். நாற்பது பெண்களும் வந்திருந்தார்கள். மாமனார் ரயில்வே சீருடைக் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார். பொத்தான் இரண்டு பூட்டவில்லை.

ரயில் நின்றது. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு இறக்கினார்கள். இறங்கியவர்கள் பாதி எடை இருந்தார்கள். ஆனால் நடந்தே இறங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு மூலை கத்தியது. அந்தந்த மூலையோடு சேர்ந்து கொட்டகைப் பெண்களும் கத்தினார்கள். ரேடியோவுக்குப் பாதியிலேயே குரல் போய்விட்டது. கையால் தகரப் பெட்டியைத் தட்டினாள்.

அவன் இறங்கி வந்து அவள் எதிரே நின்றான். பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் அவள் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வெரல்ல அடி கிடி ஒண்ணும் இல்லையே?”

“இல்ல. ஏன்?”

“நூறு மூல அப்படித் தெச்சிருந்தியே. அது முறையில்ல, முறையில்லன்னு என் உசுர வாங்குவ. இப்ப ஒத்துக்கிட்டியா?”

“நூறு இல்ல, எண்ணூத்திப் பத்து சாக்கு. மூல மூவாயிரத்துக்கு மேல” என்றாள் அவள். “ஒத்துக்கவெல்லாம் இல்ல. தப்பு தப்புதான்.” அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

வில்லையின் சங்கிலி அறுந்துபோனதால் அதை லாரிக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்ததாகவும், குண்டு விழுந்தபோது தண்ணீர் மொள்ள ஆற்றில் இறங்கியிருந்ததாகவும் மாமனாரிடம் சொன்னான். மாமனார் கேட்டாரா என்பது சந்தேகம். அவர் மகனின் தோளை, மூட்டையைச் சரிபார்ப்பதுபோல, மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டிருந்தார்.

நடைமேடைக் கோடியில் ஒரு பெண் தனியாக நின்றாள். நாற்பத்து மூன்றாவது ஆளின் தங்கை. பட்டியலைப் படித்துவிட்டு, தெரிந்தே வந்தவள். அவன் அவளிடம் போனான். கடைசி நாளில் அவள் அண்ணன் என்ன பேசினான், எங்கே புதைத்தார்கள் என்பதை முழுவதும் சொன்னான். “முடிச்சு எண்ணிப் போட்டது உங்கண்ணன்தாம்மா. நான் தெச்சேன், அவ்வளவுதான்” என்றான். அவள் முடிச்சுப் போட்ட அந்த ஒட்டைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாள். ஆறாம் அறையிலிருந்து திரும்பி வந்திருந்த அதை ஊசியக்கா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுவாரம் அவன் பணிமனைக்குப் போய், நாற்பதாம் எண் பேருந்தின் கடைசி இருக்கைக் கிழிசலைத் தைத்துக் கொடுத்தான்.

ஏப்ரல் 2 அன்று ஆறாம் அறையின் பேரேட்டில் பதினேழாம் எண் நீக்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் பதிவு அதிகாரி எழுதியது: “நேரில் வந்தார்.”